விழக் கற்றுக் கொள்ளுங்கள்!

ஐப்பசி மாதம். ராத்திரி முழுக்க மழை. காலையில் வாசல் தெளிக்கிற வேலைகூட இல்லை. சிமெண்ட் தரை தானாகவே ஈரமாகக் கிடக்கிறது. உங்கள் வீட்டுப் பாட்டி கோலப்பொடி டப்பாவோடு படி இறங்குகிறார். மூன்றாவது படியில் லேசாகப் பாசி. கால் சறுக்குகிறது...

அந்த ஒரு நொடியில் பாட்டி என்ன செய்கிறார்? உடம்பை விறைப்பாக்குகிறார். மூச்சைப் பிடிக்கிறார். விழப்போகும் பக்கம் கையை நீட்டி ஊன்றுகிறார். மொத்த எடையும் ஒரே ஒரு மணிக்கட்டில் இறங்குகிறது. மணிக்கட்டு தப்பித்தால் இடுப்பு. இரண்டும் தப்பித்தால் மீனாட்சி காப்பாற்றினாள் என்று அர்த்தம்!

பத்து நிமிஷம் கழித்து அதே வாசலில் மூன்று வயசுப் பேரன் ஓடி வந்து பொத்தென்று விழுகிறான். உருள்கிறான். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றும் முற்றும் பார்க்கிறான். யாரும் இல்லையென்றால் அழுவதுகூட இல்லை. எழுந்து ஓடிவிடுகிறான்.

ஏன் இந்த வித்தியாசம்? பேரனுக்கு உயரம் குறைவு, எடை குறைவு, எலும்பும் இளசு. அது முக்கியமான காரணம். இன்னொன்றும் உண்டு. விழும்போது அவன் விழுவதை எதிர்த்துப் போராடுவதில்லை. உடம்பை விட்டுக் கொடுத்துவிடுகிறான்.

வளர்ந்த பிறகும் அப்படி விழ முடியுமா? முடியும் என்று சொல்லி, அதையே முதல் பாடமாக வைத்த ஒரு கலை இருக்கிறது. ஜப்பானில் பிறந்த ஜூடோ. எதிராளியைத் தூக்கி எறிகிற கலை என்றுதான் அதை நாம் நினைத்துக் கொண்டிருக்கிறோம். ஆனால், ஒழுங்காக நடக்கும் ஜூடோ வகுப்பில் சேர்ந்தால் முதல் சில வாரங்கள் யாரையும் எறியச் சொல்ல மாட்டார்கள். விழச் சொல்வார்கள். மறுபடி விழச் சொல்வார்கள்.

இந்தக் கலை எங்கிருந்து வந்தது, அதன் தத்துவம் என்ன, நம் வீட்டுக்கு அதில் என்ன லாபம் என்று கொஞ்சம் படிப்போமா?

அடி வாங்கிய பையன்

ஜூடோவை உருவாக்கியவர் ஜிகோரோ கானோ. 1860-ல், இன்றைய கோபே நகரத்தின் பகுதியான மிகாகேயில் பிறந்தவர். ஜப்பானிய அரிசி மதுவான 'சாகே' காய்ச்சும் வசதியான குடும்பம். படிப்பில் கெட்டிக்காரர். உடம்புதான் நோஞ்சான். வளர்ந்த பிறகும் உயரம் சுமார் ஐந்தடி இரண்டு அங்குலம்தான்.

படிப்பதற்காக டோக்கியோ விடுதிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். நன்றாகப் படிக்கிற, ஒல்லியான பையனை முரட்டுப் பையன்கள் எங்கே சும்மா விடுகிறார்கள்? அடி, உதை, கேலி. பலசாலியை பலமில்லாதவன் சமாளிக்க 'ஜூஜுட்சு' என்றொரு வித்தை உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார் கானோ. கற்றுக் கொள்ள ஆசைப்பட்டார். வீட்டில் சம்மதம் கிடைக்கவில்லை.

அன்றைய சூழ்நிலை அப்படி. 1868-க்குப் பிறகு ஜப்பான் மேல்நாட்டுப் பாணிக்கு வேகமாக மாறிக் கொண்டிருந்தது. சாமுராய் வீரர்கள் பொது இடத்தில் வாள் கட்டிக்கொண்டு நடப்பதே 1876-ல் தடை செய்யப்பட்டது. பழைய சண்டைக் கலைகளுக்கு மரியாதை போய்விட்டது. ஆசான்கள் பிழைப்புக்கு வேறு வழி தேடிப் போனார்கள்.

எலும்பு வைத்தியரைத் தேடி...

1877-ல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் கானோ ஆசானைத் தேட ஆரம்பித்தார். எப்படித் தேடினார் தெரியுமா? எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியர்களாகப் பார்த்து விசாரித்தார்! மூட்டைக் கழற்றத் தெரிந்தவனுக்குத்தான் அதைத் திரும்ப மாட்டவும் தெரியும். பழைய ஜூஜுட்சு ஆசான்கள் பலர் எலும்பு வைத்தியம் செய்துதான் அப்போது காலம் தள்ளினார்கள்.

மதுரைப் பக்கத்து வாசகர்களுக்கு இது புதுசாகத் தோன்றாது. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி வட்டாரங்களில் சிலம்பம் சொல்லிக் கொடுக்கும் வாத்தியாரே சுளுக்கு வழிப்பதும், வர்மம் தெரிந்த ஆசானே கட்டு வைத்தியம் பார்ப்பதும் பெரியவர்கள் பார்த்து வளர்ந்த விஷயம்தானே? ஜப்பானில் இந்த உறவு இன்றும் அறுந்து போகவில்லை. அறுவை இல்லாமல் எலும்பு, மூட்டுக் காயங்களைச் சரிசெய்யும் வைத்தியர்களுக்கு அங்கே அரசு உரிமம் உண்டு. அந்தத் தொழிலின் பெயரிலேயே 'ஜூடோ' என்ற சொல் ஒட்டிக் கொண்டிருக்கிறது.

அப்படித் தேடிக் கிடைத்த ஆசான் ஃபுகுடா ஹாச்சினோசுகே. அவரும் எலும்பு வைத்தியர். ஒரு நாள் அவர் போட்ட ஒரு பிடியில் கானோ கீழே விழுந்தார். "கையை எங்கே வைக்க வேண்டும், காலை எங்கே வைக்க வேண்டும்?" என்று கேட்டார். பதிலுக்கு ஆசான் இன்னொரு தடவை எறிந்தார். மறுபடி கேட்டார். மறுபடி எறிந்தார். விழுந்து விழுந்துதான் புரிந்துகொள்ள வேண்டும் என்பது பழைய ஆசான்களின் முறை.

கானோவுக்கு அது போதவில்லை. ஏன், எப்படி என்று காரணம் தெரிய வேண்டும் அவருக்கு. தன்னைவிடப் பருமனான சக மாணவர் ஒருவரைச் சாய்க்க முடியாமல் தவித்தபோது, நூலகத்துக்குப் போய் மேல்நாட்டு மல்யுத்தப் புத்தகங்களைப் புரட்டினார். எதிராளியின் மடிக்குள் புகுந்து தோளில் தூக்கிப் போடும் ஒரு பிடியைக் கண்டுபிடித்தார். பழகினார். ஜெயித்தார். அது இன்றும் ஜூடோவில் ஒரு பாடம்.

1879-ல் ஃபுகுடா இறந்தார். அதன் பிறகு இன்னும் இரண்டு ஆசான்களிடம் கானோ பாடம் கேட்டார். ஒவ்வொரு பள்ளியிலும் நல்லதை எடுத்துக் கொண்டார். கண்ணைக் குத்துவது, விரலை ஒடிப்பது போன்ற ஆபத்தான முறைகளைப் போட்டிச் சண்டையிலிருந்து விலக்கினார்.

பன்னிரண்டு பாய், ஒன்பது மாணவர்கள்

1882-ல் டோக்கியோவில் எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் இடம் வாங்கிக்கொண்டு சொந்தப் பள்ளி ஆரம்பித்தார். பன்னிரண்டு பாய் விரிக்கிற அளவு இடம். முதல் வருஷம் ஒன்பது மாணவர்கள். ஆசானுக்கு வயது 21!

பள்ளிக்குப் பெயர் 'கோடோகான்'. வழியைப் பயிலும் கூடம் என்று பொருள். கலைக்கு வைத்த பெயர் ஜூடோ. 'ஜூ' என்றால் மென்மை, இணங்கிப் போதல். 'டோ' என்றால் வழி. பழைய பெயரான ஜூஜுட்சுவில் 'ஜுட்சு' என்பது வித்தையைக் குறிக்கும். வித்தை என்ற சொல்லை எடுத்துவிட்டு வழி என்ற சொல்லைப் போட்டார் கானோ. அவருக்கு இது சண்டைக்கான தந்திரமாக மட்டும் நின்றுவிடக் கூடாது. வாழ்நாள் முழுக்க நடக்கிற பாதையாக இருக்க வேண்டும்.

கானோவுக்கு வாத்தியார் வேலைதான் தொழில். ஆசிரியர்களை உருவாக்கும் டோக்கியோ உயர் பயிற்சிக் கல்லூரிக்குப் பல ஆண்டுகள் தலைவராக இருந்தார். கறுப்பு பெல்ட் கட்டும் வழக்கமும், 'டான்' என்ற படிநிலைகளும் இன்று கராத்தே வகுப்பிலும் பார்க்கிறோம் அல்லவா? அவை இவரது கோடோகானில் தொடங்கி மற்றக் கலைகளுக்குப் பரவியவை. 1909-ல் சர்வதேச ஒலிம்பிக் குழுவில் உறுப்பினரானார். அந்த இடத்துக்கு வந்த முதல் ஆசியர் அவர்தான். 1938-ல் கெய்ரோ கூட்டம் முடிந்து கப்பலில் ஊர் திரும்பும் வழியில், 77-வது வயதில் இறந்தார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது அதைப் பார்க்க அவர் இல்லை.

பத்தும் ஏழும்

சரி, தத்துவத்துக்கு வருவோம். 'மென்மையால் எப்படி பலத்தை வெல்வது?' கானோ இதைக் கணக்காகவே சொல்லிக் கொடுத்தார்.

எதிரில் இருப்பவரின் பலம் 10. என் பலம் 7. அவர் என்னைத் தள்ளுகிறார். நானும் முழு பலத்தோடு எதிர்த்துத் தள்ளினால் தோற்பது நிச்சயம். ஆனால், அவர் தள்ளும்போது எதிர்க்காமல், அதே அளவுக்குப் பின்வாங்கிவிட்டால்? முட்டுக் கொடுக்க ஆள் இல்லாமல் அவர் முன்னால் சாய்வார். நிலை குலைந்த அந்த நொடியில் அவரால் 10-ஐயும் பயன்படுத்த முடியாது. 3 மிஞ்சினாலே அதிகம். நானோ நிதானமாக நிற்கிறேன். என் 7 அப்படியே இருக்கிறது. அதில் பாதியே போதும், அவரைச் சாய்த்துவிடலாம்.

நம் ஊரில் இதைப் பார்க்க வேண்டுமா? சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரம் வைகைக் கரையில் நின்று பாருங்கள். கூட்டம் அலையாகத் தள்ளும்போது புதுசாக வந்தவர்கள் முரண்டு பிடித்து நின்று மூச்சுத் திணறுவார்கள். வருஷாவருஷம் வருகிறவர்கள் அலையோடு நாலு அடி போய், மெல்ல ஓரத்துக்கு நகர்ந்துவிடுவார்கள். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் மாடு பிடிக்கிறவர்களைக் கவனியுங்கள். பாய்ந்து வரும் காளையை எதிரே நின்று யாராலும் நிறுத்த முடியாது. பக்கவாட்டில் திமிலை அணைத்துக்கொண்டு அதன் ஓட்டத்தோடே போகிறவர்தான் தாக்குப் பிடிக்கிறார்.

இந்த அனுபவ அறிவையெல்லாம் கானோ பிற்காலத்தில் இரண்டு வாக்கியங்களாகச் சுருக்கினார். 1922-ல் அவற்றைத் தன் இயக்கத்தின் கொள்கையாகவே அறிவித்தார்.

ஒன்று: 'செய்ர்யோகு ஸென்யோ'. உடல் பலத்தையும் மன பலத்தையும் வீணாக்காமல், நல்லதற்கு, முழுப் பயனோடு செலவிடு.

இரண்டு: 'ஜிதா க்யோஏய்'. நீயும் பிறரும் சேர்ந்து முன்னேறுங்கள்.

இரண்டாவது வாக்கியம் வெறும் உபதேசம் மாதிரித் தெரியலாம். ஆனால், ஜூடோ கூடத்தில் அது கண்ணால் பார்க்கிற விஷயம். ஒருவர் இன்னொருவரை எறியும்போது அவருடைய சட்டைக் கையைக் கடைசி வரை விடுவதில்லை. விழுகிறவரின் தலை தரையில் மோதாமல், முதுகு சரியாகப் படும்படி மேல்பக்கம் இழுத்துப் பிடிக்கிறார். பயிற்சியில் எறிகிறவரின் முதல் பொறுப்பு, விழுகிறவரின் உடம்பு! ஏன் என்றால், கூட இருப்பவருக்கு அடிபட்டால் நாளைக்கு நாம் யாரோடு பழகுவது? பழகுவதற்கு முன்னும் பின்னும் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்குவதும் இதனால்தான். சிலம்பக் களத்தில் கம்பு சுற்றுவதற்கு முன் வணக்க வரிசை எடுப்பது போல.

காஞ்சிபுரத்திலிருந்து போனதா?

'இந்தக் கலையெல்லாம் நம் போதிதர்மர் கொண்டு போனதுதானே?' என்று உங்களில் சிலர் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். காஞ்சிபுரத்து இளவரசர் சீனாவுக்குப் போய் ஷாவோலின் மடத்தில் சண்டைக் கலை கற்பித்தார் என்ற கதை நம்மிடையே பிரபலம். 2011-ல் வந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு தெரிந்த கதை.

போதிதர்மர் தென்னிந்தியாவிலிருந்து போனவர் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. ஜென் பௌத்தம் அவரைத் தன் முதல் குருவாகக் கொண்டாடுகிறது. ஆனால், அவர் சண்டை கற்பித்தார் என்ற கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படும் நூல் 17-ம் நூற்றாண்டில் எழுந்தது. அதாவது அவர் காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கும் பின்னால்! வரலாற்று ஆய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. ஜூடோவின் வேரோ ஜப்பானின் பழைய ஜூஜுட்சுப் பள்ளிகளில் இருக்கிறது. நம் பெருமைக்கு நம்மிடமே சிலம்பமும் வர்மமும் இருக்கின்றன. 2024 ஜனவரியில் சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது.

தாகூர் அழைத்து வந்த ஆசான்

இந்தியாவுக்கும் ஜூடோவுக்கும் நெருங்கிய உறவு வேறொரு வழியில் உண்டு. அதைச் செய்தவர் கவிஞர் ரவீந்திரநாத் தாகூர்.

1905-லேயே சானோ ஜின்னோசுகே என்ற ஜப்பானியர் சாந்திநிகேதனுக்கு வந்து இந்தக் கலையைச் சொல்லிக் கொடுத்தார். பிறகு 1929-ல் தாகூரின் அழைப்பை ஏற்று கோடோகானில் பயின்ற தகாகாகி ஷின்ஸோ வந்தார். பையன்களோடு பெண் பிள்ளைகளும் பாயில் இறங்கிப் பழகினார்கள். அந்தக் காலத்தில் இதைக் கற்பனை செய்து பாருங்கள்! கல்கத்தா மேடையில் 1931-ல் மாணவ மாணவியர் ஜூடோ செய்து காட்டினார்கள். தயக்கத்தை உதறித் தள்ளச் சொல்லும் ஒரு பாட்டைத் தாகூர் அந்த நிகழ்ச்சிக்காகவே எழுதினார்.

சாந்திநிகேதனில் அப்படி ஜூடோ கற்ற பெண்களில் ஒருவர் அமிதா சென். பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற அமர்த்தியா சென்னின் தாயார். 'சண்டைக் கலை பெண் பிள்ளைக்கு எதற்கு?' என்று கேட்கிறவர்களிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.

தகாகாகி சுமார் இரண்டு வருஷம் இருந்துவிட்டுக் கிளம்பினார். ஆசான் போனதும் கலையும் அங்கே மங்கியது. ஆனால் நூலிழை முழுதாக அறுந்துவிடவில்லை. 2022-ல் மணிப்பூரைச் சேர்ந்த லிந்தோய் சனம்பம் இளையோர் உலகப் போட்டியில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுள்ள கபில் பர்மார் வெண்கலம் வென்றார். பார்வை இல்லாதவர்கள் ஜூடோ ஆடுவது எப்படி என்கிறீர்களா? ஆரம்பத்திலேயே இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக் கொள்கிறார்கள். அதன் பிறகு எதிராளி எந்தப் பக்கம் சாய்கிறார் என்று சொல்லக் கண் வேண்டாம், கையே சொல்லிவிடும்.

இன்னொரு பெண்மணியையும் சொல்ல வேண்டும். கானோவின் முதல் ஆசான் ஃபுகுடாவுக்கு ஒரு பேத்தி. பெயர் கெய்கோ ஃபுகுடா. 1935-ல் கானோவே அழைத்துச் சேர்த்துக் கொண்டார். பிற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறி, வயதான பிறகும் பாயோரம் உட்கார்ந்து பாடம் சொன்னார். 2011-ல், 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பு அவருக்குப் பத்தாவது டான் பட்டம் அளித்தது. ஒரு பெண்ணுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுதான் முதல் முறை. 2013-ல், நூறு வயதுக்குச் சில மாதங்களே இருக்கும்போது காலமானார்.

விழும் வித்தை

இப்போது முதல் பாடம். ஜப்பானிய மொழியில் 'உகேமி'. உடம்பால் வாங்கிக் கொள்வது என்று பொருள்.

மண்பானையைச் சிமெண்ட் தரையில் போட்டால் உடைகிறது. அதே உயரத்திலிருந்து வைக்கோல் போரில் போட்டால் உடைவதில்லை. ஏன்? வைக்கோலில் பானை கொஞ்சம் கொஞ்சமாக நிற்கிறது. அடி பெரிய பரப்பில் பரவுகிறது. உகேமியும் இதே கணக்குத்தான்:

* தாடையை நெஞ்சோடு ஒட்டிக் கொள்ள வேண்டும். பின்னந்தலை தரையில் மோதாது.

* கையை ஊன்றக் கூடாது. முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை மொத்தக் கையும் ஒரே நேரத்தில் பாயில் பட வேண்டும்.

* முதுகை வில்லாக வளைத்து உருள வேண்டும். அடி ஒரே இடத்தில் இறங்காது.

* மூச்சைப் பிடிக்கக் கூடாது. விழும்போது வெளியே விட வேண்டும்.

முதலில் படுத்த நிலையில், பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அதன் பிறகே நின்றபடி. இப்படிப் படிப்படியாகத்தான் பழக்குவார்கள். பழகப் பழக விழுவது பற்றிய பயம் போய்விடுகிறது. கானோவின் தத்துவம் உடம்புக்குப் புரிவது இந்த இடத்தில்தான். தரையை எதிர்த்து யாராலும் ஜெயிக்க முடியாது. இணங்கிப் போனால் அடியில்லாமல் எழுந்திருக்கலாம்.

இதை விஞ்ஞானிகளும் அளந்து பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் நடந்த ஆய்வில், பக்கவாட்டில் விழும்போது இந்த முறைப்படி உருண்டு விழுந்தால் இடுப்பில் இறங்கும் அடி கால் பங்குக்கும் மேல் குறைந்தது. ஸ்வீடனில் ஜூடோ அடிப்படையில் முதியவர்களுக்கான பயிற்சித் திட்டங்களே இருக்கின்றன.

பாட்டிக்கு என்ன செய்வது?

விழுவது சின்ன விஷயமில்லை. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுக்கு சுமார் 6 லட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறக்கிறார்கள். விபத்து மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மாதவிலக்கு நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறைவதால் அவர்களுக்கு எலும்பு முறியும் ஆபத்தும் கூடுதல்.

அதற்காக, இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பாட்டியைப் பாயில் தள்ளி விழப் பழக்கிவிடாதீர்கள்! எலும்பு பலவீனமானவர்கள் தேர்ந்த பயிற்சியாளர் இல்லாமல் விழும் பயிற்சி செய்யவே கூடாது. ஆனால், ஜூடோவின் இன்னொரு பாதி, அதாவது நிலை குலையாமல் நிற்பது, வீட்டிலேயே செய்யக் கூடியது:

* கை வைத்துக் கொள்ளாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஐந்தில் ஆரம்பித்துப் பத்து வரை போகலாம்.

* சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. ஒவ்வொரு காலுக்கும் பத்து எண்ணும் வரை.

* சுவரோரமாக, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி அடி வைத்து நடப்பது.

பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். மூட்டு வலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழும் வழக்கம் இன்னும் இருக்கிறதா? முடிகிற வரை அதை விடாதீர்கள். கால் பலத்துக்கு நல்ல பயிற்சி அது.

வீட்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள். குளியலறையில் பிடிமானக் கம்பி இருக்கிறதா? மொட்டை மாடிப் படியில் பாசி தேய்த்தாயிற்றா? ராத்திரி பாத்ரூம் போகும் வழியில் சின்ன விளக்கு எரிகிறதா? அறுந்த செருப்பைத் தூக்கிப் போட்டாயிற்றா? பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், ஒரு நிமிஷம் உட்கார்ந்து பிறகு எழட்டும். கண் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள். பொற்றாமரைக் குளத்துப் படியில் இறங்கும்போது பாட்டி உங்கள் கையைப் பிடிக்கக் கூச்சப்படலாம். நீங்களாகவே கையைக் கொடுங்கள்.

அப்படியும் விழுந்துவிட்டால்? பதறிப் போய் நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தாதீர்கள். வலி எங்கே என்று கேளுங்கள். ஒரு கால் கட்டையாகத் தெரிந்தாலோ, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தாலோ, இடுப்பை அசைக்க முடியாவிட்டாலோ அசைக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள். எண்ணெய் தேய்ப்பது, உருவி விடுவது எதுவும் வேண்டாம். இடுப்பு எலும்பு முறிவுக்கு ஆஸ்பத்திரிதான் இடம், தாமதம் ஆபத்து. தலையில் அடிபட்டவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால், நன்றாகப் பேசிக் கொண்டிருந்தாலும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பிள்ளைகளைச் சேர்க்கும் முன்...

கராத்தே வகுப்பு மதுரையில் தெருவுக்குத் தெரு. ஜூடோ அவ்வளவு சுலபமாகக் கிடைப்பதில்லை. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம். எந்தக் கலையானாலும் பணம் கட்டும் முன் ஒரு நாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள்.

பிள்ளைகளை எறியும் இடத்தில் தடிமனான பாய் இருக்கிறதா? வெறும் சிமெண்ட் தரை என்றால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள். புதுப் பிள்ளைகளுக்கு விழும் பாடம் வாரக்கணக்கில் நடக்கிறதா? எடைக்கும் வயதுக்கும் தகுந்த ஜோடி போடுகிறாரா மாஸ்டர்? தலையில் அடிபட்ட பிள்ளையை உடனே உட்கார வைக்கிறாரா, இல்லை 'ஒண்ணுமில்லைடா, எழுந்திரு' என்கிறாரா?

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஜூடோ பிறந்த ஜப்பானிலேயே 1983-லிருந்து சுமார் முப்பது வருஷங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட மாணவர்கள் பள்ளி ஜூடோவில் இறந்தார்கள். பெரும்பாலும் தலைக்காயம். விழச் சரியாகப் பழகாத புதுப் பிள்ளைகள் அதில் நிறைய. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் போராடிய பிறகுதான் பயிற்சியாளர்களுக்கான விதிகள் இறுகின. 2022-ல் ஜப்பான் ஜூடோ சம்மேளனம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசியப் போட்டியையே நிறுத்தியது. பெரியவர்களின் ஜெயிக்கும் வெறி குழந்தைகள் மேல் இறங்குகிறது என்பதுதான் காரணம். கானோ சொன்ன இரண்டாவது வாக்கியத்தை மறந்தால் அவர் நாட்டிலேயே என்ன நடக்கும் என்பதற்கு இது சாட்சி.

ஆகவே, வகுப்பு முடிந்து வரும் பிள்ளையிடம் "இன்னிக்கு யாரை ஜெயிச்சே?" என்று கேட்காதீர்கள். "எத்தனை தடவை விழுந்தே? கூட விழுந்த பையனுக்கு அடிபடாமப் பார்த்துக்கிட்டியா?" என்று கேளுங்கள்.

பரீட்சையில், வேலையில், கல்யாணப் பேச்சில் என்று விழுகிற இடங்கள் அவர்களுக்கு இன்னும் நிறைய வரப் போகின்றன. விறைப்பாக நின்று எலும்பை ஒடித்துக் கொள்ளாமல், உருண்டு எழுந்து, பக்கத்தில் விழுந்தவருக்கும் கை கொடுக்கத் தெரிந்த பிள்ளையைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

சரி, கட்டுரை முடிந்தது. எழுந்து போய் அந்த மூன்றாவது படியில் பாசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்களேன்!